வினைமுற்று

இரண்டு மணிக்கட்டிலும் நரம்பு நசுங்கியிருக்கிறதாம்.
ஆறு மாதம் கீபோர்டைத் தொடாதீர்கள் என்றார்
ஸ்டான்லியில் டாக்டர்.
பத்திரம் டைப் அடிக்காமல் ஆறு மாதம் எதைச் சாப்பிடுவது
என்று அவரிடம் கேட்கவில்லை.
பேசினால் தானே எழுதும் மென்பொருளை
அக்கா மகன் ஏற்றிக் கொடுத்தான்.
லேப்டாப்பின் சொந்த மைக்கில்
"மேற்படி சொத்து" என்றேன்.
"மேல் படி செத்து" என்று எழுதியது.

அதனால்தான் ரிச்சி தெரு.
சனிக்கிழமை. பைக்குகளுக்கு நடுவே
மனிதர்கள் பக்கவாட்டில் நடக்கும் நேரம்.
"கம்பி இல்லாததாப் பாருங்க மேடம்,
நடந்துக்கிட்டே சொல்லலாம்,"
மூன்றை எடுத்து வைத்தான் ஃபைரோஸ்.
எல்லோரும் ஹலோ ஹலோ என்பார்கள்,
இல்லாவிட்டால் ஒன் டூ த்ரீ.
எனக்கு வாயில் வந்தது
"கிழமேல் இருபத்திரண்டு அடி, தென்வடல் நாற்பது அடி,
இதற்குட்பட்ட காலி மனை."
கேபிள் வாங்க வந்தவர் திரும்பிப் பார்த்தார்:
"எந்த ஏரியா? கிரவுண்டு என்ன போகுது?"

காலரில் செருகுவது அவரையும் கேட்டது.
கீழே டீக்கடையில் யாரோ சொன்ன
ரெண்டு மசாலா டீ, ஒண்ணு சக்கரை கம்மி
என்பதையும் மனையோடு சேர்த்து எழுதியது.
கழுத்தில் மாட்டும் புளூடூத்
என் குரலைத் தகரக் குழாய்க்குள் தள்ளியது.
அதற்கு ழ, ள, ல எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

மூன்றாவதுதான் விலை கூடியது. இரைச்சலை வெட்டும்.
ஃபைரோஸ் தன் போனில் ஒரு குத்துப்பாட்டை
என் காதோரம் அலறவிட்டான்.
திரையில் நான் மட்டும் இருந்தேன், சுத்தமாக.
பர்ஸைத் திறந்த பிறகு
பழக்கதோஷத்தில் இன்னொரு முறை படித்துப் பார்த்தேன்.

நான் சொன்னது:
சொத்தில் எவ்வித வில்லங்கமும் இல்லை.
அது எழுதியது:
சொத்தில் எவ்வித வில்லங்கமும்.

"பாக்கி எதுவும் வரவேண்டியதில்லை" என்றேன்.
"பாக்கி எதுவும் வரவேண்டியது" என்றது.

"முடிக்கிறப்ப குரல் இறங்குது மேடம்.
இறங்கினா அதை இரைச்சல்னு நினைச்சு கத்தரிச்சிடும்."

இருபத்தாறு வருடம் டைப் அடித்தவளுக்கு
இது தோன்றவே இல்லை பாருங்கள்.
தமிழில் மறுப்பு கடைசியில்தான் வருகிறது.
அதுவரை வாக்கியம் முழுக்கச்
சம்மதம் போலவே நடந்து வருகிறது.

அயனாவரம் வீட்டைப் பற்றிப் பேச உட்கார்ந்த அன்று
கூடத்தில் இரண்டு அண்ணன்களும் ஒரு ஃபேனும்.
எனக்கு இதில் சம்மதம்
என்றதும் யாரோ டம்ளரைத் தரையில் வைத்தார்கள்.
மிச்சத்தையும் சொன்னேன். நிச்சயமாகச் சொன்னேன்.
"அதுக்கு சம்மதமாம்" என்றார் பெரியவர்.
விடுதலைப் பத்திரத்தை அன்று மாலை
நானேதான் அடித்தேன்,
ஒரு பிழையில்லாமல்,
பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்காமல்.

"வேற இருக்கா?"
உள்ளேயிருந்து ஒரு பழைய பெட்டியைத் தட்டிக்கொண்டு வந்தான்.
தலையில் மாட்டுவது, வாயோரம் ஒல்லிக் கம்பு,
லேப்டாப்பில் செருக நகத்தளவு டாங்கிள்.
"இதுல இரைச்சல் வெட்டுறதை நிறுத்தி வைக்கலாம்.
ஆனா தெரு முழுக்கக் கேட்கும்."
கேட்கட்டும் என்றேன்.
ஆயிரத்து எழுநூறு. ஐம்பது குறைத்தான்.

இப்போது மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு,
முகவாயில் வேர்வை சொட்ட,
யாரோ ஒருவருடைய கிரயத்தைச் சொல்லிக்கொண்டே
சமையலறை வரைக்கும் போய் வருகிறேன்.
இல்லை என்கிறேன்.
அடுத்த அறைத் திரையில் இல்லை என்று விழுகிறது.
தண்ணி லாரி ஹாரன் அடித்தால்
அதையும் ஒரு சொல்லாக எண்ணி
"ஆமாம்" என்று எழுதிவிடுகிறது சனியன்.
ஓடிவந்து அழிக்கிறேன்.
அதற்கு மட்டும்
வலது சுண்டுவிரல் இன்னும் வலிக்காமல் இருக்கிறது.